பகுதியைக் காணோம்

பின்னத்தில் கோட்டுக்கு மேலே எழுதுவது தொகுதி, கீழே எழுதுவது பகுதி. தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிடுகிற பாடம் இது. எம்பிஏ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் கோச்சிங் சென்டர்களின் விளம்பரப் பலகையைப் பார்த்தால் அந்தப் பாடத்தை ஊரே மறந்துவிட்டதோ என்று தோன்றும். ஐஐஎம்களில் இடம் பிடித்த எங்கள் மாணவர்கள் இத்தனை பேர் என்று கொட்டை எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதைச் சுற்றி டை கட்டிய சிரித்த முகங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த ஆண்டு அதே சென்டரில் பணம் கட்டிப் படித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்ற எண் மட்டும் எந்த மூலையிலும் இருக்காது. தொகுதி உண்டு, பகுதியைக் காணோம். விளம்பரம் என்றால் அப்படித்தான் இருக்கும், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் “எனக்கு ஐஐஎம் கிடைக்குமா?” என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் இளைஞரும் பெரும்பாலும் இதே பலகையைத்தான் மனதுக்குள் மாட்டி வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது கிடைத்தவர்களின் கதை மட்டுமே. அந்தக் கேள்விக்குப் பாதி விடை பேப்பரும் பேனாவும் கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாலையில் கிடைத்துவிடும், மீதிப் பாதிக்கு யாராலும் விடை சொல்ல முடியாது என்பது என் கட்சி. நாம் செய்வதோ தலைகீழ். போட முடிந்த கணக்கைப் போடாமல் விட்டுவிட்டு, போட முடியாததைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

பகுதியைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுவது மிரட்டுகிற எண். ஐஐஎம்களுக்கான நுழைவுத் தேர்வு கேட். 2024 நவம்பர் 24 அன்று நடந்த அந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 3.29 லட்சம் பேர், எழுதியவர்கள் 2.93 லட்சம் பேர். அகமதாபாத் ஐஐஎம்மின் இரண்டாண்டு முதன்மைப் படிப்பில் ஏறத்தாழ 400 இடங்கள். வகுத்தால் எழுநூற்று முப்பது பேருக்கு ஓர் இடம் என்று வருகிறது. இதைக் கேட்டதும் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள், சிலர் வீம்புக்கு இன்னொரு மாக் டெஸ்ட் தொகுப்பு வாங்குவார்கள். இரண்டுமே வேண்டாத வேலை, ஏனென்றால் அந்தப் பகுதியே தவறு. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுத் தேர்வு அறைக்கே வராதவர்கள் மட்டும் முப்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல். வந்தவர்களிலும் கூட்டாளி எழுதுகிறான் என்று எழுதியவர்கள், வேலையில் இருந்துகொண்டு எதற்கும் ஒரு முறை பார்ப்போமே என்று எழுதியவர்கள் எல்லாம் அடக்கம். பக்கத்திலேயே இன்னோர் எண்ணை வைத்துப் பாருங்கள். அதே ஆண்டு ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலுக்கு 9,856 பேர் விண்ணப்பித்தார்கள், 930 பேர் சேர்ந்தார்கள். ஏறக்குறைய பத்துக்கு ஒன்று. அப்படியானால் அகமதாபாதைவிட ஹார்வர்ட் எழுபது மடங்கு எளிது என்று சொல்வோமா? அங்கே விண்ணப்பக் கட்டணமே 250 டாலர். கட்டுரை எழுத வேண்டும், மேலதிகாரியிடம் பரிந்துரை வாங்க வேண்டும், ஜிமேட்டோ ஜிஆர்இயோ எழுதியிருக்க வேண்டும். கிடைக்காது என்று தெரிந்தவர்கள் அந்த வாசலுக்கே வருவதில்லை. வாசலுக்கு வெளியிலேயே வடிகட்டல் முடிந்துவிடுவதால் உள்ளே விகிதம் பெருந்தன்மையாகத் தெரிகிறது. இங்கே எல்லோரும் ஒரே தேர்வில் உட்கார்ந்து அங்கேயே வடிகட்டப்படுகிறார்கள். ஆக, விகிதம் என்று ஒன்றை யார் சொன்னாலும், யாரையெல்லாம் எண்ணினீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் அதை வாங்கிக்கொள்ளக் கூடாது.

பர்சன்டைல் என்ற சொல் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. நம் வீடுகளில் அது சதவீதத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்றே நினைக்கிறார்கள். “தொண்ணூத்தொன்பது எடுத்துமா கிடைக்கலை?” என்று கேட்கும் சித்தப்பா, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் என்று புரிந்துகொண்டுதான் கேட்கிறார். 2024 தேர்வில் 68 கேள்விகள், 204 மதிப்பெண். 99 பர்சன்டைல் வாங்கியவர்களில் பலர் அதில் பாதிக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். பர்சன்டைல் என்பது உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று சொல்லும் எண். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் திரும்பிப் பின்னால் நிற்பவர்களை எண்ணிச் சந்தோஷப்படுவதில்லை, முன்னால் எத்தனை தலை என்றுதான் எட்டிப் பார்ப்பார். 2.93 லட்சம் பேரில் 99 பர்சன்டைல் என்றால் முன்னால் 2,930 பேர். 99.9 என்றால் 293 பேர். தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் ஒரே ஓர் இலக்கம் முன்வரிசையைப் பத்தில் ஒன்றாக்கிவிடுகிறது. அந்த ஆண்டு 14 பேர் 100 பர்சன்டைல் என்று செய்தி வந்தது. எல்லோருக்கும் மேலே ஒருவர்தான் இருக்க முடியும், 14 பேர் எப்படி? 99.995ஐத் தொட்டால் இரண்டு தசம இலக்கத்துக்குச் சுருக்கும்போது அது 100 ஆகிவிடும். 2.93 லட்சத்தில் 0.005 சதவீதம் எவ்வளவு என்று பெருக்கினால் பதினான்கு சொச்சம். மந்திரம் ஒன்றுமில்லை, வெறும் கணக்கு. சரியான விடைக்கு மூன்று, தெரிவு வகைக் கேள்வியில் தவறினால் ஒன்று கழிவு. அதாவது ஒரு கேள்வியைச் சரியாகப் போடுவதற்கும் தப்பாகப் போடுவதற்கும் நடுவே நான்கு மதிப்பெண். 98க்கும் 99க்கும் இடையே நிற்கும் மூவாயிரம் பேரைப் பிரிப்பது அந்த மாதிரி இரண்டு மூன்று கேள்விகள்தான்.

எண்ண வேண்டிய பகுதி எது? உங்களைப் போன்றவர்கள், அவ்வளவுதான். இங்கே “போன்றவர்கள்” என்பதை ஐஐஎம்களே விதிமுறையாக எழுதி வெளியிடுகின்றன. முதலாவது, பிரிவு. எஸ்சிக்கு 15, எஸ்டிக்கு 7.5, ஓபிசிக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீதம் என்று மத்திய இடஒதுக்கீடு. ஒவ்வொரு பிரிவுக்கும் பட்டியல் தனி, கட்-ஆஃப் தனி. நம் மாநிலத்து மாணவர்கள் வழுக்குவது இங்கேதான். கையில் பிசி, எம்பிசி சான்றிதழ் இருப்பதால் ஓபிசி வரிசையில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மத்தியப் பட்டியல் வேறு. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் இல்லாத கிரீமி லேயர் விதி அங்கே உண்டு. அதற்கென்று தனிப் படிவத்தில் தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். தான் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று தெரியாமலே கிடைக்குமா என்று கேட்பவருக்கு யார் என்ன விடை சொல்ல முடியும்? இரண்டாவது, பழைய மதிப்பெண்கள். அகமதாபாத் பல ஆண்டுகளாக வெளியிட்டு வந்த முறையில், பத்தாம் வகுப்பில் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் 10 புள்ளி, 80ஐத் தாண்டி 90 வரை 8 புள்ளி, 70ஐத் தாண்டி 80 வரை 5 புள்ளி. பன்னிரண்டாம் வகுப்புக்கும் பட்டப்படிப்புக்கும் இதே போல் படிகள். பதினைந்து வயதில் 80.4 வாங்கியவருக்கும் 79.8 வாங்கியவருக்கும் இடையே மூன்று புள்ளி. இருபத்து மூன்று வயதில் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அது மாறாது. இது நியாயமா என்று கேட்டால், எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை. சென்னையில் நல்ல பள்ளியில் படித்தவரின் 91ஐயும் ஆசிரியரே இல்லாத ஊரில் படித்தவரின் 79ஐயும் ஒரே அளவுகோலால் அளப்பது, அளவுகோலை மதிக்கிறது, பிள்ளையை மதிக்கவில்லை. (2021இல் கொரோனாவால் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. அந்த ஆண்டுச் சான்றிதழில் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி என்ற சொல் மட்டும்தான். அந்தத் தொகுப்புதான் இப்போது பட்டம் முடித்து வெளியே வருகிறது. தங்கள் விஷயத்தில் எதை எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று அவர்கள் ஒவ்வொரு நிறுவனத்தின் விதிமுறையிலும் தேடிப் பார்த்தே ஆக வேண்டும்.) நியாயத்தைப் பற்றிய வாதம் வேறு, வாய்ப்பைப் பற்றிய கணக்கு வேறு. விதி தப்பாக இருந்தாலும் விதியை வைத்துத்தான் உங்களைக் கூப்பிடப் போகிறார்கள்.

இதே விதிமுறை ஏட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. குறைந்தபட்சத் தகுதி என்று சில முன்னணி ஐஐஎம்கள் பொதுப் பிரிவுக்குப் போட்டிருக்கும் எண் எண்பதுகளில் இருக்கும். அதைப் பார்த்து 90 எடுத்தவர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். அது கோயில் வெளிப் பிராகார வாசல். கர்ப்பக்கிரகத்துக்கு இன்னும் எத்தனையோ வாசல் தாண்ட வேண்டும். நேர்காணலுக்கு அழைப்பு வரும் எல்லை பொதுப் பிரிவில் 99ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போய் நிற்பதுதான் வழக்கம். இத்தனை தகவலும் ஒளித்து வைக்கப்பட்டதல்ல, யாரும் எடுத்துப் படிக்கலாம். இருந்தும் மாணவர்கள் அதைப் படிப்பதற்குப் பதில் தங்கள் மதிப்பெண்களையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, “இந்த ப்ரொஃபைலுக்கு கால் வருமாண்ணா?” என்று சீனியரிடம் கேட்கிறார்கள். ஏன்? சீனியரிடம் எதிர்பார்ப்பது கணக்கு இல்லை, தைரியம். கணக்கு முகத்தைப் பார்த்துப் பேசாது, சீனியர் பார்ப்பார், “ட்ரை பண்ணு, வரும்” என்பார். பெற்றோரிடம் கேட்டால் கேட்கவே வேண்டாம், காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நம்மை நேசிப்பவர்கள் நம் வாய்ப்பை மதிப்பிடத் தகுதியற்றவர்கள். அதில் முதல் ஆள் நாம்தான்.

நாமே ஏன் தகுதியற்றவர்கள் என்பதற்கு உளவியலாளர் டேனியல் கானமன் தன் அனுபவத்திலிருந்தே ஒரு சாட்சி சொல்லியிருக்கிறார். 1970களில் இஸ்ரேலில் பள்ளிகளுக்காக ஒரு பாடத்திட்டம் தயாரிக்கக் குழு அமைத்தார்கள். பாடம் என்ன தெரியுமா? மனிதர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதேதான். வேலை முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னபோது, ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டரை ஆண்டுக்குள் எல்லோரும் எழுதினார்கள். குழுவில் பாடத்திட்டத் துறை வல்லுநர் ஒருவர் இருந்தார். இதே மாதிரி வேலையில் இறங்கிய மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு ஆயிற்று என்று அவரைக் கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, நாற்பது சதவீதம் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து ஆண்டு ஆயிற்று என்றார். நம் குழு அவர்களைவிட எப்படி என்று கேட்டதற்குச் சற்றுக் குறைவுதான் என்று சொன்னார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தத் தகவல் எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. இருந்தும் சீட்டில் எழுதும்போது அவரும் மற்றவர்களைப் போலவே எழுதியிருந்தார். பாடத்திட்டம் முடிய எட்டு ஆண்டு ஆயிற்று. அதற்குள் அதன் மேல் இருந்த ஆர்வம் அரசுக்கே போய்விட்டது. தன்னைப் பற்றி யோசிக்கும்போது நாம் உள்ளேயிருந்து பார்க்கிறோம். நம் உழைப்பு, நம் திட்டம், நம் வெறி எல்லாம் அங்கே பெரிதாகத் தெரியும். வெளியே நின்று, இதே வெறியோடு இறங்கியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்க்கத் தோன்றுவதே இல்லை.

சரி, நான் சராசரி இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். எல்லோரையும் ஒரு கூட்டத்தில் கட்டிப்போட்டுவிட்டு, கூட்டத்தின் விதியை என் தலையில் எழுதினால் எப்படி? நியாயமான கேள்வி. ஒவ்வொருவரும் தனித்தனி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் முதல் வடிகட்டல் தனித்தன்மையைப் பார்ப்பதில்லை. அது ஒரு சூத்திரம், அதற்குள் போகும் எண்கள் எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கின்றன. இதற்கு மேல் “நான் வேறு மாதிரி” என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றால் மாக் டெஸ்ட் இருக்கிறது. அதிலும் ஒரு சின்ன ஏமாற்று நடக்கும். பதினைந்து மாக் எழுதியவர் தன் நிலை என்ன என்று கேட்டால் அதில் மிகச் சிறந்த ஒன்றைச் சொல்வார். மற்றவற்றில் தூக்கம் சரியில்லை, நெட் விட்டுவிட்டு வந்தது, தரவும் தர்க்கமும் கேட்கும் டிஐஎல்ஆர் பிரிவில் ஒரு செட் கவிழ்த்துவிட்டது என்று காரணம் வைத்திருப்பார். நவம்பரிலும் ஒரு செட் கவிழ்க்கும். பதினைந்தையும் இறங்குவரிசையில் எழுதி நடுவில், எட்டாவதாக இருப்பதை எடுத்துக்கொண்டால் அதுதான் அவர். தன்னைச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

இவ்வளவும் கணக்குக்குள் அடங்கும் பாதி. நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் கணக்கு நின்றுவிடுகிறது. அகமதாபாதின் அண்மைக்கால விதிமுறையில் இறுதித் தேர்வில் நேர்காணலுக்கு மட்டும் 50 சதவீதம், கேட் மதிப்பெண்ணுக்கு 25தான். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசுவது, இரண்டு மணி நேரக் கேள்வித்தாளுக்காக ஓராண்டு உழைத்த உழைப்பைப் போல் இரண்டு மடங்கு. இந்த நேர்காணல் எதை அளக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து கிடைக்கிறது. 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி சுமார் 800 பேரை நேர்கண்டு, வரிசைப்படுத்தி, 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் உத்தரவிட்டது. வரிசையில் மேலே இருந்தவர்கள் எல்லாம் அதற்குள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் வரிசையின் வால், 700க்கும் 800க்கும் நடுவே இருந்தவர்கள். அவர்களையே சேர்த்தார்கள். பேராசிரியர்களுக்கு யார் எந்த வகை என்று தெரியாது. சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டபோது, படிப்பிலும் மருத்துவமனைப் பயிற்சியிலும் முதலில் சேர்ந்தவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு காணோம். வரிசையில் மேலே கீழே என்று பிரித்ததில் பெரும்பங்கு நேர்கண்டவர்களின் அபிப்பிராயத்துக்கு இருந்தது. 1987இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது.

நேர்கண்டவர்கள் முட்டாள்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. நூறு நல்ல விண்ணப்பதாரர்களை ஒன்று இரண்டு என்று வரிசைப்படுத்தும் அளவுக்கு நுட்பமான தராசு யாரிடமும் இல்லை என்பதுதான் பொருள். அன்று எந்தக் குழுவில் உங்களைப் போட்டார்கள், உங்களுக்கு முன்னால் உள்ளே போனவர் எப்படிப் பேசினார், பட்டப்படிப்பில் நீங்கள் படித்த பாடத்தில் அந்தப் பேராசிரியருக்கு ஆர்வம் உண்டா என்பதெல்லாம் சேர்ந்து வருவதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. இங்கே சிலருக்குக் கோபம் வரும். உழைத்து உள்ளே போனவர்களைக் குலுக்கல் சீட்டில் ஜெயித்தவர்கள் என்கிறாயா என்று கேட்பார்கள். முழுக்கக் குலுக்கல் என்று நான் சொல்லவில்லை. செய்தித்தாளே படிக்காமல் போனவர், ஏன் எம்பிஏ என்ற கேள்விக்கே தடுமாறியவர் நிச்சயமாக விழுவார். தயாரிப்பு அந்தக் குழியிலிருந்து காப்பாற்றும். ஒழுங்காகத் தயாரித்த நூறு பேரில் எந்த முப்பது பேர் என்பதைத் தயாரிப்பு தீர்மானிக்காது. இதை ஒப்புக்கொள்வதில் ஒரு லாபமும் இருக்கிறது. மே மாதத்தில் பட்டியலில் பெயர் இல்லாதபோது, தனக்குள் என்ன ஊனம் என்று தேடிக்கொண்டு ஓராண்டைக் கழிக்க வேண்டியதில்லை. பெயர் இருந்தவருக்கும் கொஞ்சம் அடக்கம் வரும். பின்னது நடப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை என்றாலும்.

பாதி கணக்கு, பாதி குலுக்கல் என்றால் நம் கையில் என்னதான் இருக்கிறது? எத்தனை வாசல் தட்டுவது, எத்தனை முறை தட்டுவது. இந்த இரண்டையும்தான் வாய்ப்பைப் பற்றிய கணக்கு தீர்மானிக்க வேண்டும், இந்த இரண்டிலும்தான் பெரிய தப்பு நடக்கிறது. இருபது கல்லூரிக்குப் போட்டு வைப்போம், ஒவ்வொன்றிலும் பத்து சதவீதம் வாய்ப்பு என்றாலும் எங்காவது கிடைத்துவிடும் என்று ஒருவர் நினைக்கிறார். நாணயம் சுண்டுவது போல் அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால் அவர் கணக்கு சரி. இருபதில் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 88 சதவீதம் வரை போகும். ஆனால் அந்த இருபதும் பார்ப்பது ஒரே கேட் மதிப்பெண், ஒரே பத்தாம் வகுப்பு, ஒரே பட்டம். நவம்பரில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சறுக்கினால் இருபதும் சேர்ந்து சறுக்கும். ஒரே கயிற்றில் இருபது குடத்தைக் கட்டி இறக்கிவிட்டு, இருபது முறை இறைக்கிறேன் என்று நினைப்பது மாதிரி. அந்த 88 காகிதத்தில்தான் இருக்கும், நிஜம் அதைவிட வெகு கீழே. எக்ஸ்எல்ஆர்ஐக்கான எக்ஸ்ஏடி ஜனவரியில் தனியாக நடக்கிறது. ஸ்னாப், என்மேட் என்று வேறு தேர்வுகளும் இருக்கின்றன. அவற்றையும் எழுதப் போவது அதே தலைதான் என்றாலும் நாள் வேறு, தாள் வேறு, கயிறு கொஞ்சம் வேறு. கேட் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் இன்னும் பத்து கல்லூரிகளைச் சேர்ப்பதைவிட இன்னொரு தேர்வைச் சேர்ப்பது வாய்ப்பை உண்மையாகக் கூட்டும். அதிலும் ஒரு நிபந்தனை. கிடைத்தால் சேரமாட்டேன் என்ற கல்லூரிக்குக் கட்டணம் கட்டாதீர்கள். கட்டியவர்கள் பிறகு கட்டிய பாவத்துக்காகவே போய்ச் சேருகிறார்கள்.

எத்தனை முறை என்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதன் விலை பணத்தில் மட்டும் இல்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கும் ஓராண்டு என்பது ஓராண்டுச் சம்பளம், ஓராண்டு அனுபவம், வீட்டில் தங்கையின் கல்யாணத் தேதி என்று பலதையும் தள்ளிப்போடும் ஓராண்டு. முதல் முறை 92 வாங்கியவர் இரண்டாம் முறை நன்றாகவே ஏறலாம். கேள்வித்தாளின் பழக்கமும் நேரத்தைப் பங்கிடும் பக்குவமும் முதல் முறை வராது. மூன்றாம் முறைக்குள் அந்த ஏற்றம் தீர்ந்துவிடுகிறது. மாறாத எண்கள் மாறாமல் இருக்கின்றன, மாறக்கூடியது ஏறக்குறைய ஏறி முடித்துவிட்டது. மூன்று முறை எழுதுவதால் வாய்ப்பு மூன்று மடங்கு ஆவதில்லை. இருந்தும் மூன்றாம் முறை தோற்றவருக்குத்தான் நான்காம் முறை எழுதாமல் விடுவது மிகக் கடினம். இவ்வளவு போட்டாயிற்றே என்பது ஒரு காரணம். “இவன் ஐஐஎம்முக்குப் படிக்கிறான்” என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்துவிட்டார்களே என்பது அதைவிடப் பெரிய காரணம். எங்கே நிறுத்துவது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தோற்ற மறுநாள் எடுக்கும் முடிவு ஒன்று வீம்பாக இருக்கும், இல்லையென்றால் விரக்தியாக இருக்கும்.

இப்படியெல்லாம் அளந்து பார்த்தால் எவனுக்கும் நம்பிக்கையே வராது, நம்பிக்கை இல்லாமல் எவனும் ஜெயித்ததில்லை என்பார்கள். முதல் பாதியை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பீஜகணிதம் போடுபவருக்கு நம்பிக்கை வேண்டும்தான், அது உழைப்பதற்கு எரிபொருள். அந்த எரிபொருளை எந்த வண்டியில் ஊற்றுவது, எந்த ஊருக்கு எத்தனை லிட்டர் என்பதற்குத்தான் கணக்கு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் ஊரில் சொல்வது கஞ்சத்தனத்துக்காக இல்லை. இன்னொரு எதிர்ப்பு இதற்கு நேர் எதிரான திசையிலிருந்து வரும். எந்தக் கல்லூரியில் படித்தால் என்ன, திறமை இருந்தால் எங்கிருந்தாலும் மேலே வரலாமே, இந்தக் கணக்கே எதற்கு? இதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கடும் போட்டி உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரியில் படித்தவர்களின் பிற்காலச் சம்பளம் அங்கேயே படித்தவர்களுடையதற்குச் சமமாகவே இருந்தது. அது அமெரிக்க இளநிலைப் படிப்பைப் பற்றியது, எம்பிஏவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. அதே ஆய்வில் ஒரு விலக்கும் இருந்தது. ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்குக் கல்லூரி வித்தியாசத்தை உண்டாக்கியது. அப்பாவின் நண்பர்கள் வட்டத்திலேயே நான்கு கம்பெனி முதலாளிகள் இருக்கும் பிள்ளைக்குக் கல்லூரியின் பெயர் ஓர் அலங்காரம். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு அந்தப் பெயர்தான் முதல் அறிமுகக் கடிதம். எங்கே படித்தால் என்ன என்ற அலட்சியம் முன்னவருக்குக் கட்டுப்படியாகும். பின்னவருக்கு வாய்ப்பு உண்மையிலேயே விலை உயர்ந்தது, ஓராண்டை வீணாக்கும் வசதியும் அவருக்குத்தான் கிடையாது. கணக்கு மிகவும் தேவைப்படுவது அவருக்கு. அந்த விதிமுறைகளைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாததும் அவர் வீட்டில்தான்.

கேட் அறிவிப்பு ஜூலை கடைசியை ஒட்டி வரும், பதிவு ஆகஸ்டில் தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து பட்டப்படிப்பின் கடைசி செமஸ்டர் வரை எல்லாத் தாளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேர விரும்பும் நான்கைந்து நிறுவனங்களின் கடந்த ஆண்டு விதிமுறையைத் திறந்து, உங்கள் எண்களை அதில் போட்டு, நேர்காணல் வரை போக எத்தனை பர்சன்டைல் வேண்டியிருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் நேரே எழுதுங்கள். மாக் டெஸ்ட்டில் நடுவில் வந்த எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். கீழே, எத்தனை முறை எழுதப் போகிறீர்கள் என்ற எண்ணையும் எழுதி, உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றாத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்துவையுங்கள்.